பிடித்து வைத்த கால்

நான் பத்திரம் எழுதுகிறவள். செங்கல்பட்டில் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு சின்ன அறை, இரண்டு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். மனை வாங்க வருகிறவர்கள் கொண்டுவரும் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் படித்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பேன். கேளம்பாக்கம், படூர் பக்கம் நிலத்துக்கு விலை ஏறிய பிறகு, செத்துப்போனவர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தையும் பார்த்திருக்கிறேன், ஒரே மனையை மூன்று பேருக்கு விற்ற பத்திரத்தையும் பார்த்திருக்கிறேன். யாராவது சிரித்த முகத்தோடு காகிதத்தை நீட்டினால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு சாயங்காலம் என் கணவர் வந்து, "உனக்குப் புதுக் கால் ஒண்ணு சொல்லி வெச்சிகீறேன். கணுக்கால்ல மோட்டார் வெச்சது. காசு எதுவும் வேணாமாம்" என்றார்.

"யாரு குடுக்கறாங்க?"

"படூர் தாண்டி ஒரு காலேஜ் கீதே, நான் வேன் ஓட்டறனே, அங்கதான்."

"எதுக்குக் குடுக்கறாங்க?"

"இன்னாது எதுக்கு? நடக்கறதுக்குத்தான்."

அவர் யார் என்ன சொன்னாலும் நம்புகிற ஆள். கல்லூரியில் வேலை செய்கிறவர்களைக் காலையில் ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. அங்கே சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே கால் போனவர்கள் ஆராய்ச்சிக்குத் தேவை என்று அதில் இருந்ததாம். அந்த 'தேவை' என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்குத் தேவை என்றால் லாபமும் அவர்களுக்குத்தான்.

என் இடது கால் போய் ஆறு வருடம் ஆகிறது. திருப்போரூர் சாலையில் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். ஜல்லி ஏற்றிய லாரி உரசியது. அவருக்குத் தோள்பட்டையில் சிராய்ப்பு மட்டும். எனக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதே கிடையாது. செயற்கைக் கால் வாங்கினேன், நடக்கப் பழகினேன், மறுபடி கடையைத் திறந்தேன். அந்தக் காலின் பாதம் மோட்டார் எதுவும் இல்லாத சாதாரணப் பாதம். உள்ளே ஒரு தகடு இருக்கும். மிதித்தால் கொஞ்சம் வளைந்து நிமிரும், அவ்வளவுதான்.

போன வருடம் வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க நல்ல காலு ரெண்டு காலுக்கும் சேத்து உழைக்குதும்மா. இப்படியே போனா அதுவும் கெட்டுடும்" என்றார். படூருக்குப் போக நான் ஒத்துக்கொண்டது அதனால்தான். கணவர் சொன்னதற்காக என்று அவர் நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை.

ஆராய்ச்சியை நடத்துகிறவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், நாகர்கோவில் பக்கத்துக்காரர். முதல் நாள் ஒரு ஒப்புதல் படிவத்தை நீட்டினார். ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி இரண்டு தடவை படித்தேன். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. நடக்கும்போது எடுக்கும் படத்தில் முகம் தெரியாது என்று இருந்தது. சோதனை முடிந்ததும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் இருந்தது. புதுக் கால் உனக்கு என்று என் கணவர் சொன்னது அங்கேயே பொய்யாகிவிட்டது.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. நீங்கதான்க்கா முழுசாப் படிக்கீங்க" என்றார் அந்தப் பெண்.

"இந்தக் காலால எனக்கு நல்லது நடக்குமா?"

"தெரியாதுக்கா. அதத்தான் பாக்கப் போறோம்."

ஏமாற்ற வருகிறவர்கள் யாரும் என்னிடம் தெரியாது என்று சொன்னதில்லை. அந்த ஒரு பதிலுக்காகக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது, ஒருவேளை அப்படிச் சொல்லித்தான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறார்களோ என்று தோன்றியது.

புதுக் காலை எனக்குப் பொருத்துவதற்குள் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் ஒரு புதன்கிழமை என் கணவர் முழங்கை வீங்கி வீட்டுக்கு வந்தார். தோல் உரிந்திருந்தது.

"இன்னாச்சு?"

"வண்டி கழுவுறப்ப வழுக்கிச்சு."

அவர் ஞாயிற்றுக்கிழமைதான் வண்டி கழுவுவார். வருடக்கணக்காக அப்படித்தான். நான் ஒன்றும் கேட்காமல் ஐஸ் எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். கேளம்பாக்கத்தில் டிராபிக் என்றார். கல்லூரியில் நிரந்தர வேலை ஏதாவது பேசி, அதற்குப் பதிலாக என்னைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். கட்டிய மனைவி இப்படி நினைக்கலாமா என்று கேட்டால், என்னிடம் வரும் பத்திரங்களில் பாதி அண்ணன் தம்பிகளுக்குள் நடந்தவை என்றுதான் சொல்வேன்.

புதுக் கால் கனமாக இருந்தது. என் மிச்சக் காலில் மாட்டும் கிண்ணம் பழையதுதான்; அதற்கு அடியில் பாதத்தை மட்டும் கழற்றிவிட்டு இதை மாட்டினார்கள். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெட்டி, அதன் பின்பக்கம் பேட்டரி. பொருத்தியவர் செயற்கைக் கால் செய்யும் டெக்னீசியன், ஐம்பதைத் தாண்டியவர், மதுராந்தகத்துக்காரர். ஒவ்வொரு திருகாக முடுக்கிவிட்டு என்னைக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைத்தார்.

"ஒண்ணும் பயம் இல்லம்மா. முன்பாதத்துல எடை வந்தவொடனே அது தள்ளும். நீ சும்மா நடந்துகினே இரு."

ஓரடி வைத்தேன். இரண்டாவது அடியில் 'உய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது, கால் என்னைத் தள்ளியது. திருவிழாக் கூட்டத்தில் முகம் தெரியாத ஆள் பின்னாலிருந்து நெட்டுவானே, அப்படி இருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆறு வருடமாக என் இடது பக்கம் சொன்னபடி கேட்டுக்கொண்டு அமைதியாக இருந்தது. இப்போது அங்கே எனக்குத் தெரியாமல் முடிவெடுக்கிற ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் போனேன். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. போனதும் முழங்கால் வரை இருக்கும் கால்சட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். தொடையிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாக ஒட்டுகள் ஒட்டுவார்கள். மூச்சை அளக்க மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி. டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையின் மேல் ஒரு நாள் பழைய பாதத்தோடு நடக்க வேண்டும், ஒரு நாள் புதுப் பாதத்தோடு. எவ்வளவு மூச்சு செலவாகிறது, எந்தக் கால் எவ்வளவு ஓங்கித் தரையில் இறங்குகிறது என்று கணினி எழுதிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பெண் கையில் ஒரு டேப்லெட் வைத்திருப்பார். அதில் ஏதோ மாற்றுவார், மாற்றியதும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் முகமூடியைக் கழற்றியதும் கேட்டேன். "அதுல இன்னா பண்றீங்க?"

"தள்ளுற பலத்தக் கூட்டிக் குறைக்கேன்க்கா."

"எனக்கு ஏன் காட்ட மாட்டேன்றீங்க?"

"காட்டுனா நீங்க அதுக்கேத்த மாதிரி நடப்பீங்க. எல்லாம் முடிஞ்ச பொறவு ஒண்ணு விடாமக் காட்டுதேன்."

நியாயமான பதில்தான். ஆனாலும் எனக்குத் தெரியாமல் என் காலை ஒருவர் கூட்டிக் குறைக்கிறார் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து கவனமாக நடந்தேன். எந்த நொடியில் தள்ளப் போகிறது, எவ்வளவு தள்ளப் போகிறது என்று காத்திருந்து நடந்தேன். வீட்டுக்குப் போனால் இடுப்பு விட்டுப்போகும்.

ஆறாவது வாரம் முதல் கணக்கு வந்தது. புதுக் காலோடு நடந்தாலும் பழையதோடு நடந்தாலும் எனக்குச் செலவாகும் மூச்சு ஏறக்குறைய ஒன்றுதான். வலது கால் ஓங்கி இறங்குவதும் குறையவில்லை. மோட்டார் இருந்தும் பயன் இல்லை. அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்ற திருப்தி. என் முழங்கால் வலி அப்படியே இருந்ததற்கு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும், ஆனால் படவில்லை.

அவர் திரையை முதல் தடவையாக என் பக்கம் திருப்பினார். இரண்டு கோடுகள் இருந்தன.

"இந்தக் கோடு மோட்டார். கரெக்டான நேரத்துல தள்ளுது பாருங்க. கீழ இருக்கது அந்த ஒட்டு அளந்த உங்க பின்தொடைச் சதை. மோட்டார் தள்ளுத அதே நேரத்துல அது இறுகுது. அது தள்ளுதுக்கா, நீங்க பிடிச்சு வைக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. வில்லங்கம் உள்ள மனையை விற்றுவிட்டு, வாங்கினவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். "உங்க மிஷின் வேலை செய்யலைன்னா அதச் சொல்லுங்க. என் மேல ஏன் போடறீங்க?" என்றேன்.

அவர் பட்டையை மெதுவாக ஓடவிட்டு, என் இடது கையை எடுத்து என் தொடையின் பின்பக்கம் வைத்தார். "நடந்து பாருங்க" என்றார். நடந்தேன். முன்பாதத்தில் எடை போகும்போதெல்லாம் என் கைக்கு அடியில் சதை கல்லாக இறுகியது. 'உய்ங்' என்ற சத்தம் ஓய்ந்ததும் தளர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் அப்படித்தான் நடந்தது. நான் அதைச் செய்யவில்லை, ஆனால் அது என் தொடைதான். மோட்டார் செலவழித்ததையும் நான் வீணாக்கி, அதைத் தடுக்க என் பலத்தையும் வீணாக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பு ஏன் விட்டுப்போகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

தெரிந்துகொண்டதால் மட்டும் விட முடியவில்லை.

"தளர விடுங்கக்கா."

"விட்டுட்டுதான் நடக்கறேன்."

"இல்லக்கா. கோடு அப்படியேதான் இருக்கு."

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. அதன் பிறகு வெளியே நடத்திப் பார்க்கலாம் என்று மாமல்லபுரத்துக்குப் போனோம். வேனை ஓட்டியது என் கணவர். டெக்னீசியனும் அந்தப் பெண்ணும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். தளர்வான சுடிதார் போட்டிருந்தேன். அதற்குள் ஒட்டுகளும் ஒயர்களும், இடுப்பில் அதையெல்லாம் பதிவு செய்கிற ஒரு சின்னப் பெட்டியும்.

முதலில் கடற்கரை மணலில் நடக்கச் சொன்னார்கள். கெட்டியான ஈர மணலில் பரவாயில்லை. காய்ந்த மணலுக்கு வந்ததும் குதிகால் புதைந்தது. கால் இன்னும் தரையைத் தொடவே இல்லை என்று கருவி நினைத்துக்கொண்டதோ என்னவோ, நான் அடுத்த அடிக்குக் காலைத் தூக்கிய பிறகு தள்ளியது. தடுமாறி முன்னால் சாய்ந்தேன். டெக்னீசியன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணும் ஆவல. உங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் வுழுந்தாரு" என்றார்.

சொன்னவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கடலைப் பார்த்தார்.

நான் அங்கே எதுவும் கேட்கவில்லை. அடுத்து கலங்கரை விளக்கம் இருக்கும் பாறை மேட்டில் ஏற வேண்டும் என்றார்கள். ஏற்றத்தில் பக்கத்தில் ஒருவர் வரலாம் என்றதும் கணவரைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணும் டெக்னீசியனும் பத்தடி பின்னால் வந்தார்கள். பாறையில் கொஞ்ச தூரம் ஏறியதும் கேட்டேன்.

"மெய்யச் சொல்லு. அங்க உனக்கு இன்னா வேலை பேசி வெச்சிகீறே?"

"வேலையா? இன்னா வேலை?"

"அப்ப எதுக்கு லேட்டா வந்துகினு இருந்தே? எங்க வுழுந்தே? அந்தப் புதன்கெழமை வண்டி கழுவினேன்னு சொன்னியே, அதான?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கூடவே ஏறினேன்.

"அந்தக் கால நான் மாட்டிப் பாத்தேன்."

"உனக்குத்தான் ரெண்டு காலும் கீதே?"

"முட்டிய மடக்கி ஒரு பலகைல வெச்சுக் கட்டிடறாங்க. அதுக்கு அடியில இத மாட்டறாங்க. அந்த மேடமே அப்படி மாட்டினுதான் நடந்து பாக்கறாங்க. எனக்கும் மாட்டுங்கன்னு கேட்டேன். முடியாதுன்னாங்க. நாலு நாள் போய் நின்னேன், அப்புறம் மாட்டுனாங்க. மொத நாள் தூக்கிப் போட்டுது. அடுத்த நாள் நாப்பது அடி நடந்தேன்."

"எதுக்கு இதெல்லாம்?"

எதிரில் இறங்கி வந்த கூட்டத்துக்கு ஒதுங்கி வழிவிட்டோம்.

"ஒருதபா உன்ன ஏத்திகினு போய் வுட்டுட்டேன்" என்றார். "இன்னொருதபா இன்னான்னு தெரியாத ஒண்ணுல உன்ன ஏத்தக் கூடாதுன்னு."

அந்த லாரியைப் பற்றி ஆறு வருடத்தில் அவர் சொன்னது அந்த ஒரு வரிதான். பிறகு அவர் பக்கத்திலேயே ஏறினேன். காற்று பலமாக அடித்தது. அவர் முழங்கையைப் பார்த்தேன். காய்ந்து, தோல் வெளுத்திருந்தது.

மேலே போய் நின்ற பிறகு அந்தப் பெண் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அக்கா, நடுவுல எங்கயாவது நின்னீங்களா?" என்று கேட்டார்.

"வழி வுட்டப்ப நின்னேன்."

"அவ்வளவுதானா?"

அப்போதுதான் திரும்பி ஏறி வந்த பாறையைப் பார்த்தேன். பழைய பாதத்தோடு அந்த மேட்டில் ஏறியிருந்தால் நான்கு இடத்தில் நின்று கைப்பிடி தேடியிருப்பேன். அவர் டேப்லெட்டைக் காட்டினார். ஏற்றத்தின் பாதியிலிருந்து மேலே வரும்வரை பின்தொடைக் கோடு ஏறக்குறைய படுத்தே கிடந்தது. மோட்டார் ஒவ்வொரு அடிக்கும் தள்ளியிருக்கிறது, நான் தடுக்கவில்லை.

"ஏத்தமா இருந்ததால இருக்கும்" என்றேன்.

"இருக்கலாம்க்கா. ஏத்தத்துல இந்த மோட்டாரு நல்லா உதவும். ஆனா மேட்டோட அடியிலயும் ஏத்தந்தான். அங்க நீங்க பிடிச்சுதான் வச்சிருந்தீங்க."

வேனில் திரும்பும்போது இன்னொரு சந்தேகம் வந்தது. என் கவனத்தைத் திருப்புவதற்காக டெக்னீசியன் வேண்டுமென்றே வாயை விட்டாரோ? அவரிடமே கேட்டுவிட்டேன். "அய்யோ, இல்லம்மா. அதுக்கு மேடம் என்னைய இன்னும் திட்டிகினு கீறாங்க" என்றார். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தேன். டெக்னீசியன் சொன்னதை இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. பட்டையில் ஏறினால் தொடை பழையபடி இறுகும். கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேனில் வருகிறவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால் தளரும். சில நாள் நன்றாக வரும், சில நாள் வராது. மூச்சுக் கணக்கு நான் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. கொஞ்சம் குறைந்தது, அதுவும் எல்லா நாளும் இல்லை. ஆனால் வலது கால் தரையில் இறங்கும் வேகம் தணிந்திருந்தது. சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் முன்போல் குத்தவில்லை. அது கருவியாலா, அந்த மாதம் பதிவு குறைந்து கடையில் உட்கார்ந்தே இருந்ததாலா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தெரியாது என்று எழுதிக்கொண்டார்.

கடைசி நாள் டெக்னீசியன் காலைக் கழற்றிவிட்டுப் பழைய பாதத்தை மாட்டினார். என் கணவர் அந்தப் பெண்ணிடம் போய், "மேடம், இது எங்களுக்கே வேணும்னா இன்னா பண்ணணும்?" என்று கேட்டார். ஒன்பது பக்கத்தையும் அவருக்கு நான் படித்துக் காட்டியிருக்கிறேன். இருந்தும் கேட்டார். அந்தப் பெண் சங்கடப்பட்டார். இது ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் விற்பனைக்கு வரவில்லை, அடுத்த ஆளுக்குப் போக வேண்டும் என்றார். நான் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்லூரி வாசலிலிருந்து சாலைவரை நடக்கும்போது இடது பக்கம் வெறுமையாக இருந்தது. முன்பாதத்தில் எடையைக் கொடுத்துவிட்டு ஒன்றுக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. பழைய பாதத்தை நான் ஆறு வருடமாகக் குறை சொன்னதே இல்லை. அன்றைக்குத்தான் அது எவ்வளவு குறைவாகச் செய்கிறது என்று தெரிந்தது. இரண்டு மாதத்தில் வலது முழங்கால் பழையபடி வலிக்க ஆரம்பித்தது. வலிக்காமல் போகலாம் என்று தெரிந்த பிறகு வலிப்பது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. இதைச் சோதனைக்குப் போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். படிவத்தில் சேர்ப்பதாகச் சொன்னார். சேர்த்ததை எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், நான் சொன்னபடியே இருந்தது.

போன வாரம் கடையில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. முட்டுக்காட்டிலிருந்து ஒரு பெண். படகுத்துறைப் பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறாராம். அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் பேசலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததால் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, இவங்கள நம்பலாமா?"

ஏற்றத்தில் எப்படி இருக்கும், மணலில் எப்படி இருக்கும், எவ்வளவு கனம், எப்போது திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிக்கா, நம்பலாமா?" என்று மறுபடி கேட்டார்.

"உனக்கு எந்தக் கால்மா?" என்று கேட்டேன்.

"வலது. அடுப்புக்கிட்ட நாளெல்லாம் இடது கால்லயே நிக்கறேன்க்கா, இடுப்பு கழண்டுடுது."

மேசைக்கு எதிரில் ஒருவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லி சைகை காட்டிவிட்டு, "முதல்ல நீ எப்படி நிக்கறேன்னு சொல்லு" என்றேன்.